வரியில் இல்லாத கிழவர்கள்

மகனே,

'அன்புள்ள' என்று தொடங்கட்டுமா என்று செல்வி கேட்டாள். வேண்டாம், அந்தச் சொல்லை அவன் இன்னும் சம்பாதிக்கவில்லை என்றேன். உன் சித்தப்பா மகள் செல்விதான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. நான் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன், அவள் பள்ளிக்கூட டீச்சர் ஆனதால் அதை நல்ல தமிழாக்கி இறக்கிக்கொண்டு போகிறாள். எதை வேண்டுமானாலும் திருத்து, திட்டை மட்டும் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ இதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளக் கூடாது. சென்னையில் உன்னோடு குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கிழவர்களை எண்ணுகிறார்களே, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகப் படி. எங்களைப் பற்றி எங்களுக்குப் பின்னால் அவ்வளவு பேசியிருக்கிறீர்கள். ஒரு கிழவன் திருப்பிப் பேசினால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் குடலிறக்கம். வலது தொடை மடிப்பில் எலுமிச்சம்பழம் போல ஆரம்பித்தது, இப்போது மாங்காய் அளவு. நின்றால் இறங்குகிறது, படுத்தால் ஏறுகிறது. இருமினால் கையால் பிடிக்க வேண்டும். சிரித்தாலும் பிடிக்க வேண்டும். கடற்கரையில் நாலு பேர் முட்டாள்தனமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இடுப்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சிரிப்பவனை எவன் மதிப்பான்? செல்வி என்னை ஆட்டோவில் ஏற்றிக் காரைக்கால் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர். நல்ல பையன், கை சூடாக இருந்தது. என் அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"பெரியவரே, கீறித் தைச்சிடலாம். இப்பவே செஞ்சா நல்லது, குடல் மாட்டிக்கிட்டா ஆபத்து. ஆனா வயசு தொண்ணூத்தி மூணுன்னு போட்டிருக்கு. ஒங்க மவன் வந்து கையெழுத்துப் போட்டாதான் நான் கத்திய எடுப்பேன்."

"வயிறு என்னுதுங்க."

"பொறுப்பு அவருதுங்க."

நான் கட்டைவிரலைக் காட்டினேன். பாங்கில் இதற்குப் பணம் தருகிறார்கள், எலெக்சன் வந்தால் இதைத் தேடி வீடு வரைக்கும் வருகிறார்கள், என் வயிற்றுக்கு மட்டும் செல்லாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கையால் பிடித்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நானே சொல்கிறேன், உனக்கு மறந்திருக்கும். எனக்கு எதுவும் மறப்பதில்லை. அதுதான் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குள்ள தரித்திரம், எழுதி வைத்துவிட்டு மறக்க முடியாது. "அப்பா, நான் சொல்றத பொறுமையா கேளுங்க" என்றாய். படித்தவன் இப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது நல்லதாக இருக்காது. "கொழந்தைங்க சாவறது கொறஞ்சிருக்கு. நடு வயசுக்காரங்க சாவறதும் கொறஞ்சிருக்கு. ஆனா தொண்ணூறு தாண்டின ஆம்பளைங்க விஷயத்துல அன்னிக்கும் இன்னிக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. நாங்க ரெண்டு காலத்தையும் ஒப்பிட்டுப் பாத்துட்டோம். எத்தன ஆஸ்பத்திரி வந்தும் அந்த வயசுல ஒண்ணும் நகரல." நான், "அதனால?" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெல்ட் இருக்குப்பா, கட்டிக்கிட்டா கொடல் எறங்காது, நல்ல பெல்ட்டா வாங்கி அனுப்பறேன்" என்றாய்.

பெல்ட்! உன்னைப் படிக்க வைக்க நான் வலை இழுத்த இழுப்பில்தான் இந்தக் குடலே சரிந்தது என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். அதனால் சொல்லவில்லை. செல்வி எழுதிவிட்டாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, நீ அந்தக் கணக்கை எப்படிப் போட்டாய் என்பதை உன் ஆபீஸ்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும். பொங்கலுக்கு வந்தவன் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வலைக்கூடத்தில் வந்து உட்கார்ந்தாய். ஊர்ப் பெரியவர்களிடம் வயது கேட்கப் போகிறேன் என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதலில் தங்கராசுவைக் கேட்டாய்.

"மாமா, ஒங்க வயசு என்ன?"

"நீயே மொகத்த பாத்துப் போடு தம்பி."

"சுமாரா சொல்லுங்க மாமா."

"தொண்ணூறு போடு. நூறுன்னா டிவில காட்டுவாங்களா?"

நீ சிரித்துக்கொண்டே தொண்ணூறு என்று தட்டினாய். அடுத்து உட்கார்ந்திருந்த காத்தான், "அவனுக்குத் தொண்ணூறுன்னா எனக்கு ரெண்டு கூடப் போடு. நான் அவனுக்கு அண்ணன் மொறை" என்றான். நீ அதையும் தட்டினாய்! அண்ணன் முறை என்றால் பெரியப்பன் மகன் என்று அர்த்தமடா. பெரியப்பனுக்குக் கடைசியாய்ப் பிறந்தவன் அந்தக் காத்தான். தங்கராசு இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. முறைக்கு அண்ணன், வயதுக்குத் தம்பி. இது இந்தக் குப்பத்தில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். இங்கே பிறந்து இந்த மணலில் புரண்டவனுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். அப்புறம் செத்துப்போன கிழவர்களைப் பற்றிக் கேட்டாய், அவர்களுக்கும் தங்கராசுதான் வயது சொன்னான். உன் தாத்தாவுக்கும் அவன்தான் சொன்னான். "ஒங்க தாத்தாவா? தொண்ணூறு தாண்டிதான் போனாரு. கல்யாணச் சாவாச்சே, வெடி போட்டுல்ல எடுத்தோம்" என்றான். என்னிடம் கேட்பாய் என்று நினைத்தேன். நீ நிமிரக்கூட இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அந்தக் காலத்து உடம்பே உடம்பு, கேழ்வரகும் பழைய சோறும் தின்று நூறு வயது இருந்தார்கள் என்று கோட்டுச்சேரி டீக்கடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் உன் ஜாதிதான். நீ படித்துவிட்டுப் பேசுகிறாய், அவர்கள் படிக்காமல் பேசுகிறார்கள். நூறு வயது எவன் இருந்தான்? என் சிறு வயதில் இந்தக் கரையில் தலை நரைத்துப் பல் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவனைக் காலரா கொண்டு போனது, வாடைக் காற்று கொண்டு போனது, கடலுக்குப் போய்த் திரும்பாதவன் எத்தனையோ. எந்த நோயாலும் தின்று செரிக்க முடியாத கெட்டி உடம்புதான் கிழடாகி மிஞ்சியது. இன்று அப்படியா? என்னைப் பார், தங்கராசுவைப் பார். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூங்க ஒன்று, முழிக்க ஒன்று. அந்தக் காலமாயிருந்தால் நாங்கள் எல்லாரும் எப்போதோ மண். சொத்தையும் சொள்ளையும் சேர்ந்து கரையேறி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நீ என்னடா என்றால் கருவாட்டையும் பச்சை மீனையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துவிட்டு, எடை ஒன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்கிறாய். இந்தச் சொத்தைகள் அந்தக் கெட்டிகளுக்குச் சமமாக நிற்கிறார்கள் என்றால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? மீன் விற்கிற பொம்பளை கேட்பாள் இந்தக் கேள்வியை. உன் அறையில் யாரும் கேட்கவில்லையா?

"பெரியப்பா, அண்ணன் இத்தன மட்டமா ஒண்ணும் செய்யலியே. அவங்க தப்ப சரி பண்றதுக்கும் ஏதாவது வழி வெச்சிருப்பாங்க" என்கிறாள் செல்வி. வைத்திருக்கட்டும். அந்த வழி உன் தாத்தா வீட்டு வாசல் வரைக்கும் வராது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உன் ஆபீஸ்காரர்களுக்குக் குப்பத்து வரி தெரியாது. இங்கே கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஊருக்கு வரி கட்ட வேண்டும். கட்டுகிறவன் வரிக்காரன். அவனுக்குத்தான் கூட்டத்தில் பேச்சு, கடலில் பங்கு, திருவிழாவில் மரியாதை. அறுபது முடிந்தால் வரியிலிருந்து எடுத்துவிடுவார்கள். கட்ட வேண்டாம், பங்கும் கிடையாது. படகு கரையேறும்போது கிழவன் பக்கத்தில் போய் நின்றால் குழம்புக்கு நாலு மீன் போடுவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஊரில் எத்தனை தலை என்று எண்ணும்போது அவன் தலை வராது. நீ அந்தக் காலத்துக் கிழவர்களைத் தேடுகிறாயே, ஊரே எண்ணாமல் விட்டவர்களை எங்கே போய்த் தேடுவாய்?

எனக்குக் கல்யாணமான புதிது. ஒரு வருஷம் முழுக்கக் கடல் கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு வரி வைத்தார்கள். உன் தாத்தாவுக்கு அப்போது ஐம்பது இருந்தால் அதிகம். பல் ஒன்றும் விழவில்லை, முதல் நாள்தான் கட்டுமரத்தைத் தனியாளாய்த் தள்ளியிருந்தார். கூட்டத்தில் எழுந்து, "எனக்கு அறுவது முடிஞ்சிட்டு, என்னய எடுத்துடுங்க" என்றார். ஒரு பெரியவர், "ஏன்டா, நேத்து வரைக்கும் எனக்குத் தம்பி, ராத்திரியோட ராத்திரியா அண்ணன் ஆயிட்டியா?" என்றார். கூட்டம் சிரித்தது. பிறந்த தேதி என்று ஒரு காகிதம் இந்தக் குப்பத்தில் யாரிடம் இருந்தது? கஷ்டம் தெரிந்தவர்கள், எடுத்துவிட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் இல்லை, கடல் ஏமாற்றிய வருஷமெல்லாம் இரண்டு பேர் மூன்று பேர் இப்படி ராத்திரியோடு ராத்திரியாகக் கிழடாவது வழக்கம்தான்.

அடுத்த வருஷம் கடல் அள்ளிக் கொடுத்தது. மறுபடி வரியில் சேரச் சொன்னாள் உன் பாட்டி. "போன வருசம் அறுவது, இந்த வருசம் அம்பதான்னு எவனாவது கேப்பான்டி" என்றார். வெட்கம்! பொய் சொல்ல வெட்கப்படாதவர் பொய்யைக் கைவிட வெட்கப்பட்டார். அன்றிலிருந்து நடிக்க ஆரம்பித்தார். கம்பு ஊன்றினார். யாராவது வந்தால் இருமினார். படகு வந்தால் போய் நின்று நாலு மீன் வாங்கிக்கொண்டு வந்தார், என் படகிலிருந்தே வாங்கினார். நடித்து நடித்து ஐந்தாறு வருஷத்தில் முதுகு நிஜமாகவே வளைந்துவிட்டது. சொன்ன வயது ஏறி உட்கார்ந்துகொண்டது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு இதே இடத்தில் இதே மாங்காய் இறங்கியது. ஒரு நாள் இறங்கியது ஏறவில்லை. வாந்தி, வயிறு கல்லாகிவிட்டது. நான் நெரவிக்குப் போய் மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு வந்தேன், டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக. வண்டி வாசலில் நிற்கிறது. பாயில் கிடந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "வரியில இல்லாத ஒடம்புக்கு வண்டி எதுக்குடா?" நான் கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கட்டுமா வேண்டாமா என்று கேட்டான். நான் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். அவர் போவதற்கு மூன்று நாள் ஆயிற்று. வந்தவன் போனவன் எல்லாம், "வயசாயிட்டு, நல்லபடியா போயிட்டாரு" என்றான். நல்லபடியா! பறை அடித்து வெடி போட்டுப் பொரி இறைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். குடல் முறுக்கிச் செத்த மனிதருக்குக் கல்யாணச் சாவு. ஊர் தொண்ணூறு என்றது. எழுபதுகூட இராது. செத்துப்போனவர்களை மதிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அவர் மேல் இன்னும் மரியாதை வரவில்லை. தானே சொன்ன பொய்க்கு உயிரைக் கொடுத்த மடையர்.

அந்த மடையரைத்தான் நீ உன் கணக்கில் அன்றைய தொண்ணூறு வயதுக்காரர் என்று உட்கார வைத்திருக்கிறாய். அவர் வயதால் செத்தார் என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கும் அவ்வளவுதான், இன்றைக்கும் அவ்வளவுதான் என்று சொல்லி எனக்குப் பெல்ட் அனுப்புகிறாய்.

இனி என் தொண்ணூற்று மூன்று. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அட்டைக்காகப் பேர் எழுத வந்தார்கள். நான் கரையில் இருந்தேன். உன் அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாளாம். அன்று காலையில் குழம்பில் புளி தூக்கல் என்று நான் சொல்லிவிட்டேன், அந்தக் கோபம் வேறு. "வூட்டுக்காரர் வயசு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறான். "அதுக்கென்ன, எம்பது இருக்கும். போற வழியத்தான் காணோம்" என்றிருக்கிறாள். அவன் எண்பது என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள் அந்த உத்தமி, வயதை மட்டும் வாரி வழங்கினாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் ஏற்றிவிட்ட வயது இன்னும் என் தலையில் இருக்கிறது. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் கொடி காரைக்காலில் இறங்கிய அன்று நான் வேடிக்கை பார்க்க நடந்தே போனேன். தலத்தெருவில் ஒரு அம்மாள் மோர் கொடுத்தாள். அப்போது எனக்கு மீசை அரும்பவில்லை. அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் முதல் மயிர் தலைகாட்டியது. உனக்குக் கணக்கு வருமே, நீயே போட்டுப் பார், பத்து வயதாவது குறையும்.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, "ஓ, அப்பாவுக்கு வயசு கம்மியா, அப்படின்னா செய்யலாம்" என்று நீ வந்து நிற்பாயானால், வராதே. செல்வி, இதை அழுத்தி எழுது. தொண்ணூற்று மூன்றாகவே இருந்தாலும் எனக்கு அந்த அறுவை வேண்டும். நூற்று மூன்றானாலும் வேண்டும். நூறு பேரில் இத்தனை பேர் போவார்கள் என்று நீ சொல்லலாம், அது உன் பிழைப்பு. நான் நூறில் இத்தனை பங்கு சாக முடியாது. செத்தால் முழுசாகச் சாவேன், பிழைத்தால் முழுசாகப் பிழைப்பேன். எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று கேட்பாய். பேரன் கல்யாணம், காசி யாத்திரை என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் ஏலக்கூடம் வரை யார் கையையும் பிடிக்காமல் நடக்க வேண்டும். சங்கரா மீனைப் பாறை மீன் என்று விற்கிறவனையும் அதை நம்பி வாங்குகிறவனையும் பார்த்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு சிரிக்க வேண்டும். உன் கணக்கை யாராவது படித்துக் காட்டினால் அதற்கும் சிரிக்க வேண்டும். இவ்வளவுதான். இதைக் கேட்க ஒரு வயது வரம்பு உண்டா?

உனக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கியதைப் பொங்கலில் பார்த்தேன். உன்னையும் ஒருநாள் உன் பிள்ளை கணக்கில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பான். அன்றைக்கு அவன் உனக்கு எந்த நிறத்தில் பெல்ட் அனுப்புகிறான் என்று பார்க்க நான் இருக்க மாட்டேன். அதுதான் எனக்குள்ள ஒரே குறை.

ரொம்பத் திட்டிவிட்டேன் என்கிறாள் செல்வி. "அண்ணன் பயந்துபோயி சொல்லியிருக்கும் பெரியப்பா. கையெழுத்துப் போட்டு, ஒங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அது தன் தலையிலன்னு பயம்" என்கிறாள். இருக்கலாம். எனக்கும் அது தோன்றியது, போனில் நீ பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில். ஆனால் பயந்தவன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு காலத்துக் கிழவர்களையும் பிணமாக அடுக்கிக் காட்டக் கூடாது. நானும் ஒரு காலத்தில் வாசலில் வந்து நின்ற வண்டியைத் திருப்பி அனுப்பியவன். நீ செய்வதும் அதுதான். ஒரே ஒரு வித்தியாசம், அவர் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை என்னைச் சேர்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். வியாழன் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். வராவிட்டாலும் நான் படுக்கத்தான் போகிறேன். செல்வி கையெழுத்துப் போடுவாள். தம்பி மகள் என்றால் டாக்டர் யோசிப்பார், அதனால் மகள் என்றே போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் மாட்டேன் என்றாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சரி என்றாள். வரியிலும் அட்டையிலும் உன் கம்ப்யூட்டரிலும் எங்களைப் பற்றி இவ்வளவு பொய் ஏறியிருக்கிறது, இன்னொன்று ஏறினால் கடல் வற்றிவிடாது.

கீழே இருப்பது என் இடது கட்டைவிரல். நீ வந்தால், ஒரு பொய் குறையும்.